ராமசுப்பு தண்ணீர் வாங்காத வீடு

பாலைவனத்தில் ஆறு நாள் ஓடி, கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்த கதையை ராமசுப்பு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த மணல்மேடு இன்னும் பத்தடி உயர்ந்துவிடுகிறது. விருப்பமுள்ளவர்கள் கேட்டுக்கொள்ளலாம். நான் எழுதப்போவது அதற்கு முன்னால், அவனைப் பழக்குகிறேன் பேர்வழி என்று நான் கோவில்பட்டியில் கழித்த ஒன்பது நாட்களைப் பற்றி. அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. தப்பு என்னுடையது என்பதுதான் காரணம்.

நாங்கள் இருவரும் வளைகுடாவில் ஒரே கம்பெனி, ஒரே அறை. அவன் ஸ்டோர் கீப்பர். நான் டைம் ஆபீசில். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக் குறித்து எனக்கு ஒரு குணம் வந்துவிட்டது என்று என் மனைவி சொல்லுவாள். எங்கள் மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். ஐம்பது தாண்டியும் வருஷா வருஷம் பாலைவனப் பந்தயத்தில் ஓடுகிறவர். ஒருநாள் தேநீர் வேளையில் ராமசுப்பு, "இதெல்லாம் ஒரு வெயிலா சார்? எங்க கோவில்பட்டி வெயில பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த வாரம் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அதுவரை அவன் ஓடியதெல்லாம் மெஸ்ஸில் மீன் வறுவல் தீரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாட்களில் மட்டும்தான்.

பந்தயத்தின் விதிகளை நான்தான் அவனுக்குப் படித்துச் சொன்னேன். சாப்பாட்டை அவரவர் முதுகில் சுமக்க வேண்டும். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து தண்ணீர் தருவார்கள். வேறு யார் கையிலிருந்தும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கக்கூடாது. வாங்கினால் நேரத்தைக் கூட்டுவார்கள், மறுபடி வாங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த விதிகள் மிகவும் பிடித்துப்போயின.

மூன்று மாதம் கேம்ப் சுவரைச் சுற்றி ஓடிப் பழகினான். பிறகு இருவருக்கும் ஒன்றாக விடுமுறை வந்தது. சித்திரை மாதம். "நீங்க கூட வந்தாத்தான் நான் ஒழுங்கா ஓடுவேன் அண்ணாச்சி" என்றான். மாயவரத்தில் என் மனைவி, "வந்ததே நாற்பது நாள், அதுல அவர் ஓடுறதைப் பாக்க ஒன்பது நாளா?" என்று கேட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஏழு மணி. ஏழு மணிக்கே வெயில் ஆள் தேடிக்கொண்டு வந்து நிற்கிறது. ராமசுப்பு இரவல் மொபெட் ஒன்றோடு காத்திருந்தான். என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டதும் அது வயிற்று வலிக்காரன் போல முனகியது. பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் எல்லாம் எங்களை முந்திப் போயின. ஒரு வேனிலிருந்து கையசைத்துச் சிரித்தார்கள். சைக்கிள் ஒன்றும் எங்களை முந்தியது.

ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நிலம் கன்னங்கரேல் என்று கிடந்தது. "என்னப்பா, வயலுக்கெல்லாம் தீ வச்சுட்டாங்களா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். ராமசுப்பு வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அது மண்ணு அண்ணாச்சி. கரிசல். மண்ணே அப்படித்தான்." இறங்கிப் பார்த்தேன். தரை முழுக்க வெடிப்பு. கையிலிருந்த குடையை ஒரு வெடிப்புக்குள் விட்டேன், கைப்பிடிவரை உள்ளே போயிற்று. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். இங்கே பூமியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

தங்கியது அவன் அக்கா பேச்சியம்மாள் வீட்டில். அக்காவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகள் மகேஸ்வரி, இருபத்தாறு வயது, டவுனில் ஜெராக்ஸ் கடையில் வேலை. அன்று மதியம் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். அரிசிச் சோற்றைத் தவிர வேறெதையும் சோறு என்று ஒத்துக்கொள்ளாத காவிரிக்கரை வாய் என்னுடையது. மூன்று உருண்டை உள்ளே போன பிறகுதான் அதற்கு அந்த ஞாபகம் வந்தது.

"அவன் எதுக்குத்தான் ஓடுதான்? யாரு வெரட்டுதா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

விளக்கினேன். ஆறு நாள், இருநூறு கிலோமீட்டர், மணல், வெயில். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கன பஸ் கெடையாதோ?" என்றார்.

மறுநாள் முதல் ஓட்டம். காலை பத்து மணிக்கு. வெயிலுக்குப் பழக வேண்டும் என்பதால் ஊரே நிழலுக்குள் போகிற நேரத்தில்தான் நாங்கள் வெளியே வந்தோம். அவன் முதுகில் பை, தலையில் கழுத்தை மறைக்கிற தொப்பி. நான் பின்னால் மொபெட்டில், தண்ணீர் பாட்டில்களோடு.

இரண்டாவது கிலோமீட்டரில் எதிரே வந்த டவுன் பஸ் தாண்டிப் போய், நின்று, ரிவர்ஸில் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுங்க அண்ணாச்சி, எங்க போகணும்?" என்றார். ராமசுப்பு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஓடினான். பஸ் கூடவே ஊர்ந்தது. "எதிர்ப்பக்கம் போறோம்னு பாக்காதீங்க. அடுத்த ஸ்டாப்புல மாத்தி விடுதேன்." முப்பது பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "கேதம் சொல்லப் போறாக போலருக்கு, பாவம், விடுங்க" என்றது ஒரு குரல். உடனே பஸ் அமைதியாகிவிட்டது. இரண்டு பேர் துண்டைத் தோளிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் வெயிலில் ஒருவன் ஓடினால் ஒன்று சாவு, இல்லை பஸ். மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஊரில் வயதான அம்மாள் தெலுங்கில் ஏதோ கேட்டார். ராமசுப்பு ஓடிக்கொண்டே மொழிபெயர்த்தான். போலீஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கேட்கிறாராம்.

மூன்றாம் நாள் வேறு பிரச்சினை. கேதமும் இல்லை, போலீசும் இல்லை, பேச்சியம்மாள் தம்பி வெளிநாட்டில் ஓடப்போகிறான், அதற்குத்தான் பழகுகிறான் என்கிற விஷயம் பரவிவிட்டது. அவ்வளவுதான், வழியில் இருக்கிற வீடெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டில் மோர். அடுத்த வீட்டில் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும். பனையோரத்தில் நுங்கு. ஒரு கடைக்காரர் கடலை மிட்டாயைப் பொட்டலம் கட்டியே வைத்திருந்தார். ராமசுப்புவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டியவன் ஏழு ஓடிவிட்டு, ஒரு உடைமர நிழலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். எடை பார்த்ததில் ஊருக்கு வந்தபோது இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

"பாலைவனத்துல நுங்கு வெட்டித் தருவாங்களாடா?" என்று கத்தினேன்.

"வாசல்ல நின்னு குடுக்காக அண்ணாச்சி. எப்படி வேண்டாம்ங்கது?"

"நான் சொல்றேன், எப்படின்னு."

டவுனுக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்தேன். நான்காம் நாளிலிருந்து பந்தய விதிதான் விதி. நான் முன்னால் போய் ஒவ்வொரு வீட்டிலும், "அவருக்கு எதுவும் தரக்கூடாதுங்க, பயிற்சி" என்று சொல்லிவிடுவேன். அதையும் மீறி யாராவது செம்போடு வந்தால் விசில். விசில் கேட்டால் ராமசுப்பு தலையைக் குனிந்துகொண்டு ஓட வேண்டும். டைம் ஆபீசில் இருபது வருஷம் எனக்குக் கிடைக்காத அதிகாரம் அந்தப் பிளாஸ்டிக் விசிலில் கிடைத்தது. நன்றாகவே அனுபவித்தேன்.

ஐந்தாம் நாள் பதினெட்டு கிலோமீட்டர். கடம்பூர் பக்கம். தார்ச்சாலை வேண்டாம், பாலைவனத்தில் தார் கிடையாது என்று வண்டிப்பாதையில் இறக்கிவிட்டேன். அது ஒரு சின்ன ஊருக்குள் போய் ஏறுகிறது. ஏறுகிற இடத்தில் முதல் வீடு, முன்னால் போய்ச் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. ஓட்டு வீடு, வாசலில் வேப்பமரம். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், ஒரு கையில் துடைத்து வைத்த பித்தளைச் செம்பு, ஒரு கையில் மூடிய தட்டு. பின்னால் நாலைந்து பெண்கள். மற்ற வீடுகளில் இப்படிப் புதுச்சேலை கட்டிக்கொண்டு யாரும் நின்றதில்லை. அதை அன்றைக்கு நான் யோசித்திருக்க வேண்டும்.

"வெயில்ல வாரீங்களே, நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அந்த அம்மாள் ஒரு அடி முன்னால் வந்தார்.

விசில் ஊதினேன். ராமசுப்பு குனிந்த தலை நிமிராமல் ஓடிவிட்டான். அந்த அம்மாளின் கை நீட்டியபடியே இருந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டதால், "அவருக்கு வேண்டாங்க, நான் எடுத்துக்கறேன்" என்று தட்டைத் திறந்தேன். போளி. நெய் மினுங்கியது. இரண்டு தின்றேன். நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊர் ஜனங்கள் கொஞ்சம் அழுத்தம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஆறாம் நாள் காலையில் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். மகேஸுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்து வைத்திருந்தவர் அவர்தான். பையனுக்கு மணியாச்சியில் ரயில்வேயில் வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தது. இந்த விவரமெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியும். அக்கா காபி கொண்டுவந்தார். பெரியவர் வேண்டாம் என்றார். அக்காவின் முகம் மாறியது.

"நேத்து ஒங்க தம்பி பையன் வீட்டு வாசல்ல தண்ணிகூட வாங்கலையாமே" என்றார் அவர். "பையனைப் பெத்த கோமதியம்மா செம்போட நிக்காக, இவரு மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டாராம். கூட வந்தவரு மட்டும் போளி நல்லாருக்குன்னு ரெண்டு தின்னாராம். அப்போ அவசரம்னும் சொல்ல முடியாது, பலகாரம் சரியில்லைன்னும் சொல்ல முடியாது. தாய்மாமனுக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான? அதை நேராச் சொல்லியிருக்கலாம்னு அவிய வருத்தப்படுதாக."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

எங்கள் பக்கமும் உண்டு இந்த வழக்கம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் இல்லை. அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் கைதான் அந்தக் கை. ஞாயிற்றுக்கிழமை அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு முறையாக அந்த வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பதினாலு வருஷம் வெளிநாட்டில் இருந்தவனுக்கு ஊர்ப்பெயர் தெரியுமே தவிர வீடு தெரியாது. அந்த அம்மாளோ, நாங்கள் அந்தப் பக்கம் வருவதை முந்தின நாளே கேள்விப்பட்டு, மாப்பிள்ளை வீட்டு வாசல் என்று தெரிந்துதான் இந்த வழியாக ஓடி வருகிறார் என்று எண்ணியிருக்கிறார். புதுச்சேலைக்கு அதுதான் காரணம்.

பெரியவர் போன பிறகு ராமசுப்பு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "இப்பவே பழத்தட்டோட போயி நிக்கேன்" என்றான்.

"தட்டோட போனா, வேணும்னே அவமதிச்சிட்டு இப்ப சமாதானத்துக்கு வந்திருக்கோம்னு ஆகும்லே" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னார். "ரெண்டு எடம் தட்டிப் போச்சு. ஒண்ணு சாதகம் சேரலை. ஒண்ணு, வேலைக்குப் போற புள்ள வேண்டாம்னுட்டாக. இதுவும் போச்சுன்னா இனி யாரு வருவா?"

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மத்தியானம் எனக்கு எப்போதும்போல முதல் சோறு, முதல் குழம்பு. விருந்தாளி ஆயிற்றே. இறங்கவில்லை.

சாயங்காலம் மகேஸ் கடையிலிருந்து வந்தாள். அவளிடம் நானே போய்ச் சொன்னேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பையனை நீ பாத்திருக்கியாம்மா?"

"ஒரு தடவை. கடைக்கு வந்தாவ. சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்கணும்னு. ஏற்கெனவே எடுத்த காப்பி எல்லாம் பையில இருக்கு, நான் பாத்துட்டேன். தெரியாத மாதிரி எடுத்துக் குடுத்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஊர்க் கிணத்துல உப்புத் தண்ணி அண்ணாச்சி. நல்ல தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்கணும். அதை வீட்டாளுக குடிக்கவே யோசிப்பாக. விருந்தாளிக்குன்னு எடுத்து வச்சிருப்பாக."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. காவிரியில் குதித்து வளர்ந்தவன், ஒரு செம்புத் தண்ணீரை வேண்டாம் என்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. இரண்டு மைல் சுமந்து வந்த தண்ணீரைப் பார்த்து நான் விசில் ஊதியிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் போல அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் இல்லை.

வழி சொன்னதும் மகேஸ்தான். "மாமா கார்ல போயி உள்ள உக்காந்து தின்னா யாருக்குத் தெரியும்? தண்ணி வாங்காததை அந்தத் தெருவே பாத்துச்சு. வாங்குறதையும் தெருதான் பாக்கணும். அன்னைக்கு எப்படி வந்தாகளோ அதே மாதிரி, அதே வழியா ஓடி வந்து, நின்னு குடிக்கட்டும்."

பெரியவருக்குச் சொல்லி அனுப்பினோம். எட்டாம் நாள் பதினோரு மணிக்கு வருவதாக. அந்த ஊரில் போன் கிடையாது, அவர் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "சரின்னாக. வேற ஒண்ணும் சொல்லலை" என்றார். இந்தத் தடவையும் காபி குடிக்கவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் மழை. கோடை மழை, ஒரு மணி நேரம் சடசடவென்று கொட்டிவிட்டுப் போனது. ஊரே சந்தோஷப்பட்டது. ராமசுப்பு மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எட்டாம் நாள் வண்டிப்பாதை பிரிகிற இடத்தில் ஆடு மேய்க்கிற ஒருவர், ஆடுகளைத் தார்ச்சாலையிலேயே நிறுத்தி வைத்திருந்தார். "அண்ணாச்சி, ரோட்டோட போங்க. மழை குடிச்ச கரிசல்ல ஆடே எறங்காது" என்றார். அன்றைக்கு வந்த வழியில்தான் போக வேண்டும் என்றேன். "நான் சேத்துல பொறந்தவன்யா" என்றும் சொன்னேன். அவர் ராமசுப்புவை இரக்கத்தோடு பார்த்தார்.

எங்கள் ஊர்ச் சேறு நல்ல சேறு. முழங்கால்வரை இழுக்கும், ஆனால் காலைத் தூக்கினால் விட்டுவிடும். கரிசல் விடாது. பத்தடி நடந்தால் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு, இருபதடியில் ஒரு முறம். மொபெட்டின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் போய் அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டினேன். பத்தடி போனது. மறுபடி நோண்டினேன். கடைசியில் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியை ஒப்படைத்துவிட்டு நடந்தேன். அவர், நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை மறக்கமாட்டேன்.

முன்னால் ராமசுப்பு பந்தயத்துக்கென்று வாங்கிய ஷூ இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டம் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் போய்ப் பாட்டிலை நீட்டினேன். பத்தாவது கிலோமீட்டர் தாண்டி நெடுநேரமாகிவிட்டது, விதிப்படி அவன் பங்கு.

"வேண்டாம் அண்ணாச்சி. அங்கன போயிக் குடிக்கேன்."

"ஒரு வாய் குடிடா. மயங்கி விழுந்து தொலைக்காதே."

"தாகமில்லாமப் போயி வாங்கிக் குடிச்சா நடிப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் போனான். அத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தும் அவனை எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அப்போது தோன்றியது.

ஊருக்குள் ஏறும்போது மணி ஒன்றே கால். தெருவில் ஒருவரும் இல்லை. பதினோரு மணிக்கு வந்து நின்றவர்களெல்லாம் கலைந்து போயிருந்தார்கள். வேப்பமரத்து வீட்டின் கதவு சாத்தியிருந்தது.

நான் தட்டப் போனேன். ராமசுப்பு என் கையைப் பிடித்து நிறுத்தினான். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, வறண்ட தொண்டையில் கூப்பிட்டான். "மதினி, கொஞ்சம் தண்ணி தாங்க."

முறை சொல்லித்தான் கூப்பிட்டான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இந்தக் கதவு திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான்.  தெரு நிறைய ஆள் சேர்ந்த பிறகு கதவு திறந்தது.

கோமதியம்மாள் அவன் முழங்கால்வரை அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். கையிலிருந்த ஷூவைப் பார்த்தார்.

"பதினோரு மணின்னாக."

"கரிசல் விடலை மதினி."

அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. "விசில்காரரு என்ன சொல்லுதாரு?"

"தப்பு என்னோடதுங்கம்மா" என்றேன். "இது எந்த வீடுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் நான் ஊதியிருப்பேன், அவ்வளவு பெரிய முட்டாள் நான். அவனை வச்சு அந்தப் பொண்ணை முடிவு பண்ணிடாதீங்க."

அவர் உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. அதே பித்தளைச் செம்பு. "காலைத் தொட்டித் தண்ணியில கழுவிக்கிடுங்க, அது உப்பு. இது குடிக்கதுக்கு" என்று நீட்டினார்.

ராமசுப்பு இரண்டு கையாலும் வாங்கினான். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில் குடித்தான். ஒரு சொட்டு கீழே விழவில்லை. வெறும் செம்பை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டான். தெருவில் யாரோ சிரித்தார்கள். கோமதியம்மாளும் சிரித்துவிட்டார். "உள்ள வாங்க. எலை போட்டு ரெண்டு மணி நேரமாச்சு" என்றார்.

இரண்டு தரம் சோறு வாங்கினான். கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் என்று ஒன்று விடவில்லை. எனக்கும் இலை போட்டார்கள். அவனுக்குப் போளி வைத்தார்கள், எனக்கு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிட்ட இடத்திலேயே அவனுக்குக் கண் சொருகியது. கூடத்துக் கட்டிலில் படுத்தவன், சம்பந்தி வீடு என்றும் பாராமல் குறட்டை விடத் தொடங்கினான். அன்றைக்கு நாற்பது கிலோமீட்டர் என்று என் நோட்டில் எழுதியிருந்தது. பதினேழோடு நின்றது. பந்தய விதிப்படி அவன் வெளியேற்றப்பட்டவன்.

அவனை எழுப்ப மனம் வரவில்லை. நான் மட்டும் மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்தேன். என் கோலத்தைப் பார்த்துப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டவுனில் இறங்கி நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

மகேஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். எதிரே ரேஷன் கார்டோடு ஒரு வாடிக்கையாளர். என்னையும் என் கால் மண்ணையும் பார்த்தவள், மாமா எங்கே என்றோ என்ன ஆயிற்று என்றோ கேட்கவில்லை.

"சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தரம் சோறு வாங்கினான். இப்ப அவங்க வீட்டுக் கட்டில்ல தூங்கிட்டிருக்கான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடியை மூடிப் பொத்தானை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தின் மேல் போய் வந்தது. மறுபடி அழுத்தினாள். வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"ஏம்மா, கார்டு இன்னும் என் கையிலதான இருக்கு" என்றார் வாடிக்கையாளர்.